அலர்: கோடி ஆலமரம் முதல் கைப்பேசி வரை

இளங்கலை மாணவர்க்கு அகநானூற்றின் 70ஆம் பாட்டை நடத்தும்போதெல்லாம் நமக்கு ஒரு தனி உவகை உண்டு. சங்கப் பாடல்களில் நம் இராமநாதபுரக் கடற்கரை பேசப்படும் இடங்கள் மிகச் சிலவே. அவற்றுள் இது ஒன்று. மதுரைத் தமிழ்க்கூத்தனார் கடுவன் மள்ளனார் பாடிய நெய்தற்பாட்டு. பாண்டியர்க்குரிய தொன்மையான கோடித்துறையில் விழுதுகள் பல ஊன்றிய ஓர் ஆலமரம். அதில் ஓயாது ஒலிக்கும் பறவைக் கூட்டம். போர் குறித்துத் தன் துணைவரோடு மறைபொருள் பேச அமர்ந்த இராமன், அப்பறவைகளின் ஒலியை அடக்கினானாம். நாம் வழக்கமாகப் படிக்கும் இராமகதைகளில் காணக் கிடைக்காத செய்தி இது. அக்கோடி இன்றைய தனுஷ்கோடியே என்று பலரும் கொள்வர்.

ஆனால் அப்பாட்டு இராமனைப் பற்றியது அன்று, அலரைப் பற்றியது. தலைவியின் களவொழுக்கம் வெளிப்பட்டு ஊர் முழுதும் அதையே பேசிற்று. மணம் உறுதியான பின், கோடி ஆலமரத்துப் பறவைகளைப் போல ஊர் வாய் அடங்கிவிட்டது என்று தோழி சொல்லி மகிழ்கிறாள்.

சில ஆண்டுகளுக்கு முன், இதே பாட்டை நடத்திக்கொண்டிருந்த பருவத்தில் வகுப்பில் ஓர் இருக்கை காலியாயிற்று. அம்மாணவி கடற்கரைச் சிற்றூர் ஒன்றிலிருந்து வந்தவள். அவள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள். பேருந்து நிலையத்தில் உடன் பயிலும் ஒருவனோடு அவள் பேசிக்கொண்டிருந்ததை யாரோ படமெடுத்து, ஒரு வரி கேலியோடு வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் இட்டுவிட்டனர். அன்றிரவே அது அவள் ஊர்க் குழுவுக்குப் போயிற்று. மறுநாள் விடியுமுன் வளைகுடா நாட்டில் வேலை பார்க்கும் அவள் அண்ணனின் கைக்கும் போயிற்று. வீட்டில் கைப்பேசியைப் பறித்துக்கொண்டார்கள். பின்னர்ப் படிப்பையும் நிறுத்தினார்கள்.

வீட்டில் அடைபடுவதற்கு முன் அவள் நம்மிடம் வந்து சொன்னாள். நாம் சொன்ன விடை இதுதான்: “கண்டுகொள்ளாதே அம்மா. குழுவிலிருந்து வெளியேறிவிடு. இரண்டு நாளில் மறந்துவிடுவார்கள்.” அலரைப் பற்றி ஆண்டுதோறும் ஒரு மணி நேரம் பேசுகிற தமிழாசிரியர் கண்முன் அலர் வந்து நின்றபோது தந்த விடை அது. அது பிழையான விடை. ஏன் பிழை என்பதை, இக்கடற்கரையில் செய்தி நடந்து வந்த பாதையைத் திரும்பிப் பார்த்து அறிந்துகொள்ளும் முயற்சியே இக்கட்டுரை.

அம்பலும் அலரும்

நம் இலக்கண மரபு ஊர்ப்பேச்சை இரண்டாகப் பகுக்கும். சிலர் தமக்குள் முணுமுணுப்பது அம்பல். பலரறியப் பேசுவது அலர். முன்னது அரும்பு, பின்னது மலர். அலரால் காதல் சிறக்கும் என்பது தொல்காப்பியக் கருத்து. வள்ளுவர் அலருக்கென்றே 115ஆம் அதிகாரத்தை ஒதுக்கினார். ஊரார் பேச்சைத் தம் காதலுக்கு எருவாகக் கொள்ளும் மாந்தரை அங்கே காண்கிறோம்.

இதைக்கொண்டு பழங்காலத்து அலர் இனிமையானது என்று எண்ணிவிடலாகாது. அலர் எழுந்தால் இற்செறிப்பு வரும். பெண்ணை வீட்டுக்குள் அடைத்துவிடுவார்கள். நம் மாணவிக்கு நேர்ந்ததும் இற்செறிப்பே.

எனினும் அவ்வலருக்கு மூன்று எல்லைகள் இருந்தன. பேசுவோர் யாரென்பது தெரியும். அவர்கள் அண்டை வீட்டுப் பெண்டிர். பேச்சு ஊரெல்லையைத் தாண்டி வெகுதொலைவு போகாது. மணம் நிகழ்ந்தால் அது முடிந்துவிடும். ஆள், இடம், முடிவு என்னும் இம்மூன்று எல்லைகளும் ஒவ்வொன்றாக எப்படிக் கரைந்தன என்பதே பின்வரும் வரலாறு.

கப்பலேறி வந்த செய்தி

1914ஆம் ஆண்டு பாம்பன் ரயில் பாலம் திறக்கப்பட்டது. சென்னை எழும்பூரில் ஏறியவர் தனுஷ்கோடி வரை ரயிலில் வந்து, அங்கிருந்து நீராவிக் கப்பலில் தலைமன்னார் சென்று, மீண்டும் ரயிலேறிக் கொழும்பு அடையலாம். ‘போட் மெயில்’ என்று மக்கள் அழைத்த இவ்வழியில் மனிதரோடு கடிதங்களும் போயின. தனுஷ்கோடியில் ரயில் நிலையமும் சுங்க அலுவலகமும் அஞ்சல் நிலையமும் இருந்தன. இலங்கையில் கடை வைத்தவர், கடையில் சம்பளத்துக்கு நின்றவர், தோட்டத்தில் உழைத்தவர் என நம் மாவட்டத்து ஆடவர் பலரின் வாழ்வு அக்கரையிலும் மனைவி மக்கள் இக்கரையிலுமாகப் பிரிந்திருந்தது.

நம் அப்பத்தாவின் தமையனார் கொழும்பில் ஒரு கடையில் கணக்கெழுதி வந்தார். மாதம் ஒரு கடிதம் வரும். அதைப் படிக்க எழுத்தறிந்த ஒருவரைத் திண்ணைக்கு அழைத்துவர வேண்டும். ஆகவே கணவனும் மனைவியும் பரிமாறிக்கொண்ட சொற்களைத் தெருவே கேட்டது. நாம் இன்று ‘அந்தரங்கம்’ என்று சொல்வது அக்கடிதங்களில் இல்லை. ஆனால் அக்காலத்துக் காத்திருப்புக்கு ஒரு கரை இருந்தது. தபால்காரர் வந்து போனபின் அன்றைக்கு இனிச் செய்தியில்லை. அப்பத்தா முந்தானையை உதறிக்கொண்டு உலை வைக்கப் போய்விடுவார். கவலை மறுநாள் தபால் நேரத்துக்கே மீண்டும் வரும்.

தந்தி வேறு. தந்தி என்றாலே சாவு என்று அஞ்சிய வீடுகள் நம் பக்கத்தில் ஏராளம். உறையைப் பிரிக்குமுன்பே ஒப்பாரி எழுந்த கதைகளை முதியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். விரைந்து வரும் செய்தி மனத்தை அலைக்கும் என்பது கைப்பேசி கற்றுத்தந்த பாடமன்று. இந்தியாவில் 2013 ஜூலையில் நின்றுபோன தந்தியே அதைக் கற்றுத்தந்துவிட்டது.

செய்தித்தாளும் அப்படியே. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் இராமேசுவரத்தில் ரயில் நிற்பது நிறுத்தப்பட்டபோது, ஓடும் ரயிலிலிருந்து செய்தித்தாள் கட்டுகளைத் தூக்கி எறிவார்கள் என்றும், அவற்றைப் பிடித்துத் தருவதே தம் முதல் சம்பாத்தியம் என்றும் அப்துல் கலாம் ‘அக்னிச் சிறகுகள்’ நூலில் எழுதியிருக்கிறார். ஒரு நாளுக்கு ஒரு கட்டு. அதற்குள் இருந்த போர் எவ்வளவு கொடியதாயினும், அது ஒருமுறைதான் வந்தது.

புயலிரவு

1964 அக்டோபர் 30ஆம் நாள் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. இலங்கையின் மலையகத் தமிழருள் 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும் என்பது அதன் சாரம். எவர் போவது, எவர் இருப்பது என்ற கலக்கம் இருகரையிலும் பரவிக்கொண்டிருந்தபோதே, இரண்டு மாதம் நிறைவதற்குள் புயல் வந்தது.

டிசம்பர் 22ஆம் நாள் நள்ளிரவை ஒட்டிப் பாம்பனிலிருந்து புறப்பட்ட 653ஆம் எண் பயணி ரயிலைத் தனுஷ்கோடியை நெருங்கும் வேளையில் பேரலை விழுங்கிற்று. அதில் இருந்த நூற்றுக்கு மேற்பட்டோரில் ஒருவரும் பிழைக்கவில்லை. புயலில் மாண்டோர் தொகையை 1800க்குக் குறையாது என்பர். தகவல் தொடர்பு அறுந்துபோனதால் ரயிலுக்கு நேர்ந்தது என்ன என்பது முறையாக அறிவிக்கப்படவே இரண்டு நாள் ஆயிற்று.

அவ்விரண்டு நாளை அப்பத்தா பலமுறை நமக்குச் சொல்லியிருக்கிறார். தமையனார் அவ்வாரம் ஊருக்கு வருவதாகக் கடிதம் போட்டிருந்தார். வந்தாரா, வழியில் நின்றாரா, தெரியாது. தெரு முழுதும் அவ்வீட்டில் வந்து உட்கார்ந்திருந்தது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல ஒன்றும் இல்லை. அடுப்பு மூட்டாத வீட்டுக்கு அண்டை வீட்டார் கஞ்சி கொண்டுவந்தனர். விடுப்புக் கிடைக்காததால் அவர் கொழும்பிலேயே தங்கிவிட்டார் என்ற செய்தி மூன்று வாரம் கழித்தே வந்தது.

“செய்தி இல்லாதது கொடுமையாக இல்லையா, அப்பத்தா?” என்று ஒருமுறை கேட்டோம். “கொடுமைதான். ஆனா அந்தக் கொடுமைய நான் ஒத்தையில சுமக்கலப்பா” என்றார். இக்கட்டுரை எழுதும் வரையில் அவ்விடையின் எடையை நாம் உணர்ந்ததில்லை.

முகாமும் தொலைபேசிக் கூண்டும்

புயலுக்குப் பின் கப்பல் இராமேசுவரத்திலிருந்து ஓடிற்று. ஒப்பந்தத்தின்படி தாயகம் திரும்பியோர் அதில்தான் வந்திறங்கினர். ஒரு காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குச் செல்வோரை நோய்த்தடுப்புக்காகத் தங்கவைத்த மண்டபம் முகாம், இப்போது திரும்புவோரை வரவேற்றது. 1983 ஜூலை வன்முறைக்குப் பின் ஏதிலியரை வரவேற்றது. உள்நாட்டுப் போர் மூண்டதோடு கப்பலும் நின்றது.

நாம் பள்ளியில் பயின்ற நாள்களில் மஞ்சள் பலகையோடு எஸ்.டி.டி. கூண்டுகள் வந்தன. மண்டபம் பக்கத்துக் கூண்டுகளில் ஞாயிறு காலையில் கூட்டம் நிற்கும். கனடாவிலிருந்தோ இலண்டனிலிருந்தோ குறித்த நேரத்தில் அழைப்பு வரும். உள்ளே பேசுபவர் அழுதால் வெளியே நிற்பவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். வெளிநாட்டுக்குத் தாமே பேசுவோர், சிவப்பு எண்கள் ஏற ஏற முக்கியமானதை மட்டும் பேசி முடிப்பார். ஒருவரையொருவர் இழந்துவிட்டதாக எண்ணிய குடும்பங்கள் அக்கண்ணாடிக் கூண்டுக்குள்தான் மீண்டும் சேர்ந்தன.

இதை மறந்துவிட்டுக் கருவியைப் பழிப்பது நன்றன்று. பிரிவே வாழ்வாகிப் போன ஒரு கரையில், குரல் கேட்பது மருந்து. இன்று அதே முகாமிலுள்ள மூதாட்டி ஒருவர் பாரிசில் பிறந்த பேரனின் முகத்தைத் திரையில் தொட்டுப் பார்க்கிறார். அதை நோய் என்று சொல்ல எவருக்கும் நாவெழாது.

கைக்குள் வந்த ஊர்

2003இல் கைப்பேசிக்கு வரும் அழைப்புகள் கட்டணமற்றவையாயின. கடலோரக் குடிசைகளிலும் கைப்பேசி நுழைந்தது. 2016க்குப் பின் இணையக் கட்டணம் பெரிதும் வீழ்ந்ததும், கைக்குள் ஓர் ஊரே வந்து அமர்ந்தது.

பாக் நீரிணையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகும் இரவுகளில் அவ்வூர் உறங்குவதில்லை. அக்கரைக் கடற்படை படகுகளைப் பிடித்தால் அலுவலர் அறிவிப்புக்கு முன்பே குழுக்களில் செய்தி வந்துவிடுகிறது. எந்தப் படகு, எத்தனை பேர் என்று உடனே தெரிவது நன்மையே. ஆனால் உண்மைச் செய்தியோடு சென்ற ஆண்டின் ஒளிப்படமும், யார் குரலென்றே அறியாத ஒலிப்பதிவும் சேர்ந்து வருகின்றன. ஒரு மீனவப் பெண் நம்மிடம் சொன்னார்: “முன்னல்லாம் விடிஞ்சா கரைக்குப் போயிப் பாப்போம் சார். இப்ப ராத்திரி பூரா எடுத்து எடுத்துப் பாக்குறோம். பாக்கலைன்னா பயம்; பாத்தாலும் பயம்.” நீலக்குறி விழுந்ததா, கடைசியாக எப்போது பார்த்தார் என்றெல்லாம் அறியத் தரும் கருவி, அறியாமையின் கவலையைப் போக்கவில்லை, அதை நிமிடங்களாக நறுக்கி நாள் முழுதும் ஊட்டுகிறது. தபால்காரர் போனபின் அப்பத்தாவுக்குக் கிடைத்த அந்த மாலைப்பொழுது இவர்களுக்கு இல்லை.

அலரின் எல்லைகளும் இங்கேதான் அழிந்தன. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், குலதெய்வக் கோயிலைத் தேடிச் சென்ற மூதாட்டி ஒருவர் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். குழந்தை கடத்துவோர் வந்திருப்பதாக வாட்ஸ்அப்பில் உலவிய பொய்யை நம்பிய கூட்டம் அவரை அடித்தே கொன்றது. நாட்டின் பல பகுதிகளில் இத்தகைய கொலைகள் நிகழ்ந்தபின், அவ்வாண்டு ஜூலையில் வந்த செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் பகிர இயலாதவாறு அந்நிறுவனம் இந்தியாவில் வரம்பு கட்டியது. அலருக்குப் பொறியியலார் கட்டிய அணை அது. அணை உயரம் போதாது.

2016இல் சேலம் மாவட்டத்தில் இளம்பெண் ஒருவரின் படத்தைச் சிதைத்து முகநூலில் இட்டனர். அவர் உயிர் துறந்தார். தன்னைப் பெற்றோரே நம்பவில்லையே என்ற வருத்தம் அவர் எழுதிவைத்த கடிதத்தில் இருந்ததாக அந்நாளைய செய்தித்தாள்கள் எழுதின. அவரைக் கொன்றது படம் மட்டுமன்று; அருகில் நின்று நம்ப ஓர் ஆளில்லாமை.

மேலைநாட்டாரும் இப்போது கவலையுறுகின்றனர். அமெரிக்கத் தலைமை மருத்துவர் 2023இல் வெளியிட்ட அறிவுரை, நாளொன்றுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் சமூக ஊடகங்களில் கழிக்கும் வளரிளம் பருவத்தினர்க்கு மனச்சோர்வு, பதற்றம் ஆகியவற்றின் அறிகுறிகள் தோன்றும் இடர் இருமடங்கு என்று சுட்டியது. 16 வயதுக்குட்பட்டோர் அவற்றில் கணக்கு வைத்திருப்பதைத் தடுக்கும் ஆஸ்திரேலியச் சட்டம் 2025 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. இவற்றின் பயனை ஆய்வாளர் இன்னும் வாதிட்டு வருகின்றனர்.

ஏர்வாடி தரும் பாடம்

மனநலம் பற்றிப் பேச நம் மாவட்டத்தார் அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை. ஏர்வாடி வரை போனால் போதும். 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் விடியலில், அங்கிருந்த தனியார் மனநலக் காப்பகம் ஒன்றின் கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தமையால் ஓட இயலாமல் 28 பேர் மாண்டனர். உச்ச நீதிமன்றம் தானே முன்வந்து அவ்வழக்கை எடுத்தது. மனநோயாளரைச் சங்கிலியால் பிணிப்பதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் வெளிப்படையாகவே விலக்கியது.

அம்மனிதரைச் சங்கிலியில் விட்டுச் சென்ற உறவினரெல்லாம் கல்நெஞ்சர் அல்லர். வறுமை உண்டு, மருத்துவர் இல்லாமை உண்டு, வேண்டுதல் மேல் கொண்ட நம்பிக்கையும் உண்டு. இவற்றோடு ஊர் வாய்க்கு அஞ்சியமையும் உண்டு. ‘அந்த வீட்டில் ஒரு பைத்தியம்’ என்ற சொல்லுக்கு அஞ்சி, தங்கை மணம் முடியும் வரையாவது கண்காணாது இருக்கட்டும் என்று கொண்டுவந்து விட்டோர் எத்தனையோ பேர். துன்புற்றவரை மறைத்து வைத்தால் அலர் அடங்கும் என்பது அவர்கள் கணக்கு.

அம்மாணவியின் வீட்டார் போட்ட கணக்கும் அதுவே. நாம் சொன்ன ‘குழுவிலிருந்து வெளியேறிவிடு’ என்ற விடையும், நாகரிகமான சொற்களில், அதே கணக்கே. அவளை வெளியேற்றினால் அவளைப் பற்றிய பேச்சு அக்குழுவில் தொடரும். அதைக் கேட்க அவள் மட்டும் இருக்கமாட்டாள். ‘மறந்துவிடுவார்கள்’ என்றதும் பிழை. மனிதர் மறப்பர், கைப்பேசி மறப்பதில்லை. ஆள், இடம், முடிவு என்ற எல்லைகள் இருந்த நாளின் விடையை அவை இல்லாத நாளில் சொல்லிவிட்டோம்.

பறவைகள் அடங்கிய இடம்

பிழையை உணர்ந்தபின் செய்தவை பெரியன அல்ல. உடன் பணிபுரியும் அம்மையார் ஒருவரும் நாமும் அவள் வீட்டுக்கு நேரில் சென்றோம். முதல்முறை தந்தை பேசவில்லை. இரண்டாம் முறை தாயார் தேநீர் கொடுத்தார். மூன்றாம் முறை, படமெடுத்துப் போட்ட மாணவன் தானே வந்து அவ்வீட்டு வாசலில் நின்று தன் பிழையைச் சொன்னான். வகுப்பில், அப்படத்தை அனுப்பியவர் மட்டுமன்றிப் பார்த்துவிட்டுச் சிரித்தவர், பார்த்தும் பேசாதிருந்தவர் ஆகியோரின் பங்கையும் பேசினோம். ஊர்க் குழுவில் அதை முதலில் இட்டவரைச் சந்தித்து அழிக்கச் செய்தது அவள் தாய்மாமன். அடுத்த பருவத்தில் அவள் திரும்பினாள். கடைசி வரிசையில் அமர்ந்தாள். நிலுவைத் தாள்களை எழுதி முடித்தாள்.

இத்தகைய இக்கட்டில் இருப்போர்க்கு இன்று வேறு வழிகளும் உள்ளன. இணையக் குற்றங்களுக்கு 1930 என்ற எண்ணும், மனம் தளர்ந்தோர் பேசுதற்கு 14416, 104 என்ற எண்களும் உள. இவற்றை வகுப்பின் முதல் நாளிலேயே கரும்பலகையில் எழுதிவிடுகிறோம். ஆயினும் எண்ணை அழைக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருக்க ஒருவர் வேண்டும்.

சென்ற குளிர்காலத்தில் மாணவரை அழைத்துக்கொண்டு தனுஷ்கோடி சென்றோம். இடிந்த தேவாலயத்தையும் அஞ்சல் நிலையத்தின் எச்சத்தையும் கண்டு அரிச்சல்முனை சேர்ந்ததும், கைப்பேசிகள் சிலவற்றில் இலங்கைக்கு நல்வரவு கூறும் குறுஞ்செய்தி வந்தது. பிள்ளைகள் ஆரவாரித்தனர். அப்பத்தாவின் தமையனார் பயணச்சீட்டு வாங்கிக் கப்பலேறிக் கடந்த கடலை, கைப்பேசி கேளாமலே கடந்துவிட்டது.

அங்கே மணலில் அமர்ந்து 70ஆம் பாட்டை மீண்டும் படித்தோம். இத்தனை ஆண்டும் நாம் கவனியாத ஒன்றை அன்று ஒரு மாணவன் கேட்டான்: “ஐயா, இராமன் எதுக்காகப் பறவைங்கள அடக்குனாரு?” நாமும் பாட்டைத் திரும்பப் பார்த்தோம். பறவைகள் மேல் அவனுக்குச் சினமில்லை. அருகில் இருந்தவரோடு முக்கியமான ஒன்றைப் பேச வேண்டியிருந்தது, அவ்வளவே.

பிள்ளைகள் தாமாகவே கைப்பேசிகளைப் பையில் வைத்தனர். சிறிது நேரம்தான். அதற்குள் ஒருவன், கடலுக்குப் போய்த் திரும்பாத தன் சிற்றப்பாவைப் பற்றிப் பேசத் தொடங்கினான். மூன்றாண்டு உடன் பயின்றோர் எவருக்கும் அது அதுவரை தெரியாது.